முதுகு மிதிக்க ஓர் உத்தரவு

நான் காலால் பிறந்தவள். பெருமைக்குச் சொல்லவில்லை, தப்பாக நினைக்காதீர்கள். எல்லாப் பிள்ளைகளும் தலையை முன்னே நீட்டி வெளியே வந்தால், நான் மட்டும் பாதத்தை நீட்டிக்கொண்டு வந்தேனாம். எங்கள் பக்கத்தில் அப்படிப் பிறந்தவர்களின் காலுக்கு ஒரு வேலை உண்டு. முதுகில் மூச்சுப் பிடிப்பு வந்து நிமிரவும் முடியாமல் குனியவும் முடியாமல் தவிக்கிறவர் குப்புறப் படுத்துக்கொள்வார். காலால் பிறந்தவர் வெறும் வயிற்றோடு வந்து அந்த முதுகை மூன்று மிதி மிதிக்க வேண்டும். மிதிக்கும்போது பேசக் கூடாது. மிதித்ததற்கு ஒன்றும் வாங்கக் கூடாது. பிடிப்பு விட்டுவிடும் என்பார்கள். நிஜமாகவே விடுமா என்று என்னைக் கேட்காதீர்கள். நான் மிதித்தவள், மிதி வாங்கியவள் இல்லை.

நான் பிறந்தது கொடும்பாளூர்ப் பக்கம். ஐந்து வயசிலேயே உத்தியோகம் ஆரம்பித்துவிட்டது. மூட்டை தூக்குகிறவர், ஏற்றம் இறைக்கிறவர், வண்டி ஓட்டுகிறவர் என்று யாராவது காலையில் வாசலில் கோணிக்கொண்டு நிற்பார்கள். பல் விளக்குவதற்கு முன்னால் இரண்டு பேரையாவது மிதித்துவிட்டுத்தான் பள்ளிக்கூடம் போவேன். எனக்கு மூக்குக்கு மேலே கோபம் வருகிறது என்று ஊரில் ஒரு பேச்சு. தூங்குகிற பிள்ளையை எழுப்பி, வேர்வை நாறுகிற முதுகில் ஏறி நில்லு என்றால் யாருக்குத்தான் வராது?

மாப்பிள்ளை வீட்டாரிடம் இதைப் பற்றி எங்கள் வீட்டில் மூச்சு விடவில்லை. திருமயத்தில் வாழ்க்கைப்பட்ட மூன்றாம் நாள், எங்கள் ஊர்க்காரர் ஒருவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு பஸ் ஏறித் தேடி வந்துவிட்டார். குட்டு உடைந்தது. என் மாமியார் ஒரு நாள் பூராவும் யோசித்துவிட்டுச் சொன்னார்: "ஊரையெல்லாம் மிதி ஆத்தா, நான் குறுக்க நிக்கல. எம் மகன் மேல மட்டும் ஒங்காலு படப்படாது. புருஷனை மிதிச்ச பாவம் ஏழு சென்மத்துக்கும் தீராது." சரி அயித்தே என்று தலையாட்டினேன். தெரியாமல் கால் பட்டுவிட்டால்கூட அவரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வேன்.

அவர், அதாவது என் வீட்டுக்காரர், தாலுகா ஆபீசில் நகல் எடுக்கிற குமாஸ்தா. கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். ஆள் ஒல்லி. கல்யாணத்துக்கு முன்னால் போலீசுக்கு ஆள் எடுத்தபோது இரண்டு தடவை போய் வரிசையில் நின்றிருக்கிறார். டேப் பிடித்தவன் "மூச்சை இழுத்துப் பிடி" என்பானாம். இவரும் கண் பிதுங்க இழுத்துப் பிடிப்பார். மார்பு ஒரு இஞ்ச் குறையும். "தள்ளிப் போ" என்றுவிடுவானாம், பேரைக்கூடக் கேட்காமல். இதைக் கல்யாணமான புதிதில் ஒரே ஒரு தடவை என்னிடம் சொன்னார். அப்புறம் சொன்னதில்லை. ஆனால் தையல்காரர் டேப்போடு கிட்டே வந்தால் முகம் செத்துவிடும். அளவுக்குப் பழைய சட்டையைக் கொடுத்துவிட்டு வந்துவிடுவார்.

சீனாக்காரன் சண்டை முடிந்த அடுத்த வருஷம், ஆளாளுக்குத் துப்பாக்கி பழக வேண்டும் என்று ஊரில் ஒரு வேகம் வந்தது. தாசில்தாரே முன்னால் நின்று ஒரு ரைபிள் கிளப் ஆரம்பித்தார். ஊருக்கு வெளியே கல் உடைத்துக் கைவிட்ட பள்ளம்தான் சுடுகிற இடம். சொல்லிக் கொடுக்க ஒரு ஹவில்தார் வந்தார். சமஸ்தானம் இருந்த காலத்தில் அரண்மனை வாசலில் துப்பாக்கியோடு நின்றவர். நின்றவர் என்றால் நின்றவர்தான். திருவிழாவுக்கு நாலு வெறும் தோட்டா வெடித்ததைத் தவிர அவர் எதையும் சுட்டதில்லை. நாற்பத்தெட்டில் சமஸ்தானம் போனதும் அவர் உட்கார்ந்தார். கிளப் வந்ததும் மறுபடி எழுந்து நின்றார்.

எங்கள் வீட்டுக்காரரும் கிளப்பில் சேர்ந்தார். முதல் நாள் பயிற்சிக்குப் போய்விட்டு வந்து வாசலிலேயே மார்தட்டினார். "இன்னைக்கு நல்லா மூச்சைப் பிடிச்சேன்!"

"ஐயையோ, எந்தப் பக்கம்?" என்று கேட்டு, நான் உப்பை வறுக்க அடுப்படிக்கு ஓடினேன். துணியில் கட்டி ஒத்தடம் கொடுக்கத்தான். மாமியார் அவரைப் பிடித்துத் திருப்பிச் சட்டையைக் கழற்றிவிட்டார். அவர் கத்தக் கத்த இரண்டு பேரும் சேர்ந்து ஒத்தடம் கொடுத்து முடித்த பிறகுதான் விஷயம் விளங்கியது. சுடும்போது உடம்பு ஆடக் கூடாது என்பதற்காக மூச்சை நிறுத்திக்கொள்ள வேண்டுமாம். அதற்கு ஹவில்தார் போடுகிற ஆர்டர்தான் "மூச்சைப் பிடி".

இரண்டாம் நாள் அவரை இரண்டு பேர் தூக்கிக்கொண்டு வந்தார்கள். ஹவில்தார் "பிடி" என்று சொல்லிவிட்டு, பீடி பற்றவைக்கப் போய்விட்டாராம். மற்றவர்கள் அவரவர் பாட்டுக்கு மூச்சு விட்டுக்கொண்டார்கள். இவர் குமாஸ்தா இல்லையா? விடச் சொல்லி ஆர்டர் வரவில்லையே என்று பிடித்தபடியே படுத்திருந்து மயங்கிவிட்டார். "சொன்னாத்தானே விட முடியும்?" என்று என்னிடம் நியாயம் வேறு கேட்டார்.

இத்தனைக்கும் மனுஷன் நன்றாகச் சுட்டார். எழுத்து எழுதி எழுதிப் பழகிய கை, ஆடவில்லை. திருச்சியில் போட்டி என்றும், டீமுக்கு ஐந்து பேர் என்றும் தகவல் வந்தது. ஐந்தாவது ஆளாக இவரை எடுத்துவிட்டார்கள். அன்றைக்கு வீட்டுக்கு வந்தவர் நேரே சாப்பிட உட்கார்ந்தார். சாப்பிட்டுவிட்டுக் கை கழுவும்போது, "இந்தா, என்னை எடுத்துட்டாங்க" என்றார். இந்தப் பாவி மனுஷனை அதுவரைக்கும் யாரும் எதற்கும் எடுத்ததில்லை. என் அப்பாகூட, பார்த்த வேறு மாப்பிள்ளை தட்டிப்போன பிறகுதான் இவரை எடுத்தார்.

ஐந்து பேரில் ஒருத்தர் படுத்தாலும் டீமே கிடையாது என்பது போட்டி விதி. அதனால் உடம்பைத் தயார் செய்ய வேண்டும், அடி பிடி எதுவும் வராமல் காக்க வேண்டும் என்று ஹவில்தார் ஒரு மண்டலத்துக்குத் திட்டம் போட்டார். அவருக்குத் தெரிந்தது நிற்பது ஒன்றுதான். ஆகவே நின்றார்கள். இடது கையை நீட்டி, உள்ளங்கையில் செம்பு நிறையத் தண்ணீர் வைத்து, காலையில் ஒரு மணி நேரம், சாயங்காலம் ஒரு மணி நேரம். ஓடக் கூடாது, கால் நரம்பு துள்ளுமாம். ஓடாததால், டீமில் ஒருத்தரான தாசில்தார், ஜமாபந்திக் கணக்குப் பார்க்கப் போக வேண்டிய பஸ்ஸைத் தவறவிட்டார். காபி குடித்தால் கை நடுங்கும், கிடையாது. கிழங்கு தின்றால் வாயு, குப்புறப் படுத்துச் சுடுகிறவனுக்கு வாயு ஆகவே ஆகாது. தோளில் துப்பாக்கி உதைக்கிற இடம் கன்றிப்போகிறது என்று இலவம் பஞ்சு அடைத்து நான்தான் ஐந்து பேருக்கும் திண்டு தைத்துக் கொடுத்தேன். பஞ்சு கொஞ்சம் தாராளமாகிவிட்டது. வரிசையாக நின்றால் ஐந்து பேருக்கும் கூன் ஒரு பக்கமாக விழுந்த மாதிரி இருக்கும்.

கடைசியாக ஹவில்தார் எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார். "தங்கச்சி, சுடுறவனுக்கு நெஞ்சு படபடன்னு அடிக்கப்படாது. அடிச்சா முனை ஆடும். அதனால ஒரு மண்டலத்துக்கு வீட்டுல சண்டை கூடாது."

"இங்க யாருங்க சண்டை போடுறது?" என்று கேட்டேன். கேட்ட சத்தத்திலேயே ஹவில்தார் இரண்டு அடி பின்னால் போனார்.

சரி, புருஷன் நல்லதுக்கு என்று வாயைக் கட்டினேன். அதற்குப் பிறகு அந்த மனுஷன் செய்ததை என்னவென்று சொல்ல? வீட்டில் குறி பார்த்துப் பழக வேண்டுமாம். வட்டமாக, கறுப்பாக ஒன்று வேண்டுமாம். நான் வைக்கிற சாந்துப் பொட்டு கறுப்பு. கொல்லைக் கதவோரம் குடையைத் தோளில் வைத்துக்கொண்டு, அம்மியில் அரைக்கிற என் நெற்றியைக் குறி பார்த்து நிற்பார். "கொஞ்சம் ஆடாம அரையேன்" என்பார். பொண்டாட்டி நெற்றியைக் குறி பார்த்துவிட்டு ஆடாதே என்கிறவனை எந்த ஊரிலாவது கேட்டிருக்கிறீர்களா? குழவிக் கல் கையில்தான் இருந்தது. மண்டலம் நினைவுக்கு வந்து கீழே வைத்தேன். சுவரில் ஒரு சாந்துப் பொட்டை அழுத்தி வைத்து, இதைச் சுடுங்கள் என்று காட்டினேன். மறுநாள் பார்த்தால் மாமியார் அதற்குப் பூ வைத்திருந்தார். என்ன சாமி என்று அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

ஒரு மணி நேரம் செம்பு பிடித்து நின்றால் என்ன ஆகும்? பத்தாம் நாளிலிருந்து ஒவ்வொருத்தராக மூச்சுப் பிடிப்போடு எங்கள் வீட்டுக்கு வர ஆரம்பித்தார்கள். பள்ளிக்கூட டிரில் மாஸ்டர், அரிசி மில்காரர், கணக்குப்பிள்ளை, கடைசியில் தாசில்தாரே. தாசில்தாரை மிதிக்க எனக்கு என்ன பயமா? ஆனால் அவருக்குக் கூச்சம். வாசல் கதவைச் சாத்தச் சொல்லிவிட்டு, கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுக் குப்புறப் படுத்தார். மூன்று மிதி மிதித்தேன். "எந்திரிச்சுக் குனிஞ்சு தரையைத் தொடுங்க" என்றேன். எல்லோருக்கும் அதுதான் சோதனை, தரையைத் தொட்டால் பிடிப்பு விட்டது என்று அர்த்தம். தாசில்தார் தொட்டார். நிமிர்ந்து, ஆபீசில் பைல் முடிந்ததும் சொல்கிற மாதிரி "சரி, போகலாம்" என்றார்.

ஹவில்தாரிடம் அன்றைக்குக் கேட்டேவிட்டேன். "பிடி பிடின்னே சொல்றீங்களே, விடுன்னு ஒரு தடவையாவது சொல்றீங்களா? பிடிச்சதை விடாட்டி, பிடிச்சுக்கத்தானே செய்யும்?"

அவர் நிஜமாகவே யோசித்தார். "அரண்மனையில எங்களை யாரும் விடச் சொன்னதே இல்லையே தங்கச்சி" என்றார். பாவமாக இருந்தது. மறுநாளிலிருந்து ஒவ்வொரு "பிடி"க்கும் ஒரு "விடு" சேர்ந்தது. செம்பும் கால் மணி நேரமாகக் குறைந்தது. அதற்குப் பிறகு பிடிப்பு என்று யாரும் வரவில்லை.

இத்தனை நாளும் எங்கள் வீட்டுக்காரருக்கு மட்டும் ஒன்றும் வரவில்லை. என் பயமெல்லாம் அவரைப் பற்றித்தான். வந்தால் நான் தொட முடியாதே.

போட்டியன்று காலை வந்தது. ஜீப் வர அரை மணி நேரம் இருக்கும்போது, புதிதாக வாங்கிய கான்வாஸ் ஷூவுக்குக் கயிறு கட்டக் குனிந்தார். "அம்மா" என்றார் ஒரு தடவை. அப்படியே நின்றார், வளைத்த வில்லாக. இடது விலாவுக்குப் பின்னால் பிடித்துக்கொண்டது. மூச்சு இழுத்தால் கத்தி குத்துகிறது. பாயில் குப்புறக் கிடத்தினோம். உப்பு ஒத்தடம் கொடுத்தேன். மாமியார் முதுகில் உலக்கையை உருட்டினார். ம்ஹூம். அவர் தரையைப் பார்த்தபடி, "இந்த ஒரு இஞ்ச் என்னை விடாது போல" என்றார். அழுகிறாரா என்று என்னால் பார்க்க முடியவில்லை. முகம் பாயில் இருந்தது.

நான் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டேன். மாமியார் குறுக்கே வந்து நின்றார். "வேண்டாம் ஆத்தா. பாவம்."

ஜீப் வந்தது. தாசில்தார், ஹவில்தார், மற்ற மூன்று பேர் எல்லோரும் உள்ளே வந்தார்கள். ஐவரில் ஒருவர் குப்புறக் கிடக்கிறார். மிதிக்கிற கால் பக்கத்திலேயே நிற்கிறது. நடுவில் என் மாமியார். ஹவில்தார்தான் முதலில் வாதாடினார். "ஆத்தா, நிமிர்ந்து நின்னா ஒங்க மகன், இந்தப் பிள்ளைக்குப் புருஷன். ஒத்துக்கறேன். குப்புறப் படுத்துட்டா அவன் ரைபிள்மேன். என் ஆளு."

"எப்படிப் படுத்தாலும் அவ கழுத்துல தாலி கட்டினவன்தானே?" என்றார் மாமியார். ஹவில்தார் தாசில்தார் பக்கம் திரும்பினார்.

தாசில்தார் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். "சர்க்கார் உத்தரவு போட்டா?" என்று கேட்டார்.

மாமியார் கொஞ்சம் தயங்கினார். "பாவம் யாரைச் சேரும்?"

"உத்தரவு போட்டவங்களைத்தான் சேரும். சர்க்காரைச் சேரும்."

"அப்ப எழுதிக் குடுங்க. முத்திரை வேணும்."

தாசில்தாரோடு வந்த பியூன் ஆபீசுக்கு ஓடினார், முத்திரைக்கும் காகிதத்துக்கும். வந்ததும் அடுத்த சிக்கல். தாசில்தாருக்குத் தன் கையால் எதுவும் எழுதிப் பழக்கமில்லை, சொல்லித்தான் பழக்கம். எழுதுகிற ஆள் பாயில் கிடக்கிறார். அப்புறம் என்ன? அவர் மூக்குக்கு முன்னால் பலகையைப் போட்டுக் காகிதத்தை வைத்தார்கள். தன் முதுகை மிதிக்கிற உத்தரவைக் குப்புறப் படுத்தபடி, வலியில் முனகிக்கொண்டே, முத்து முத்தாக எழுதினார் மனுஷன். ஆபீசில் என்றால் இங்கிலீஷ்தான். மாமியாருக்குப் புரிய வேண்டும் என்று தமிழில்.

"இவ்வாபீஸ் நகல் குமாஸ்தா துப்பாக்கிப் போட்டிக்குச் செல்ல வேண்டியிருப்பதால், மேற்படியாரின் முதுகில் ஏற்பட்டுள்ள மூச்சுப் பிடிப்பை நீக்கும் பொருட்டு, மேற்படியாரின் மனைவி மேற்படி முதுகை மூன்று முறை மிதிக்க இதன்மூலம் உத்தரவிடப்படுகிறது. இதனால் விளையும் பாவம் சர்க்காரைச் சேரும்."

தாசில்தார் கையெழுத்துப் போட்டார். முத்திரை விழுந்தது. "இன்னொரு பிரதி" என்றார் எங்கள் வீட்டுக்காரர், படுத்தபடியே. "பைலுக்கு." ஜீப் டிரைவர் ஹாரனை அடித்துக்கொண்டே இருக்கிறார், இவர் பிரதி எடுக்கிறார்! முடித்த பிறகுதான் பேனாவை வைத்தார். மாமியாருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. முத்திரையைத் தடவிப் பார்த்துவிட்டு விலகி நின்றார்.

எத்தனையோ முதுகில் கால் வைத்தவள் நான். இந்த ஒரு முதுகு இவ்வளவு ஒடுக்கமாக இருக்கும் என்று அதுவரை எனக்குத் தெரியாது.

முதல் மிதி என் நெற்றியைக் குறி பார்த்ததற்கு. ஒரு மண்டலம் அடக்கி வைத்த சண்டையும் அதில் சேர்த்தி. "ஹக்" என்றார். இரண்டாவதையும் அப்படித்தான் மிதிக்க நினைத்தேன், மனசு வரவில்லை. மெதுவாக வைத்து எடுத்தேன். மூன்றாவதுக்குக் காலைத் தூக்கியபோது, டேப்பைப் பிடித்துக்கொண்டு "தள்ளிப் போ" என்றானே ஒருத்தன், அவன் ஞாபகம் வந்தது. அந்த மிதி என் வீட்டுக்காரருக்கு இல்லை. அவனுக்கு. உள்ளே எங்கேயோ "டொக்" என்று ஒரு சத்தம் கேட்டது.

"எந்திரிச்சுக் குனிஞ்சு தரையைத் தொடுங்க" என்றேன்.

எழுந்தார். மூச்சை இழுத்துப் பார்த்தார். விட்டார். அப்புறம் அத்தனை பேருக்கும் முன்னால் குனிந்தார். தரையைத் தொடவில்லை. என் இரண்டு பாதத்தையும் தொட்டார், தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். நான் பதறிப்போய்க் காலை இழுத்துக்கொண்டேன். தாசில்தார் சுவரைப் பார்த்தார். மாமியார், "இதுக்கும் உத்தரவு இருக்கா?" என்று கேட்டார். எங்கள் வீட்டுக்காரர் ஷூ கயிறு அவிழ்ந்து கிடக்க ஜீப்புக்கு ஓடினார். ஓடக் கூடாது என்று ஹவில்தார் பின்னால் கத்திக்கொண்டே ஓடினார்.

கப்பு வரவில்லை. எங்கள் டீம் கடைசிக்கு ஒன்று முன்னால் வந்தது. இவர் சுடும்போது ஹவில்தார் பின்னாலிருந்து ஒவ்வொரு குண்டுக்கும் "விடு! விடு!" என்று கத்தி, மைதானத்தை விட்டு வெளியே அனுப்பப்பட்டாராம். சாயங்காலம் வீட்டுக்கு வந்தவர் அட்டையைக் காட்டினார். கறுப்பு வட்டத்துக்குள் ஏழு ஓட்டை. அட்டையை மாடத்தில் வைத்தார். "இந்தா, மைக்குல எம் பேரைக் கூப்பிட்டாங்க" என்றார். திருப்பித் திருப்பி அதையே சொல்லிக்கொண்டிருந்தார். நானும் ஒவ்வொரு தடவையும் புதிதாகக் கேட்கிற மாதிரி கேட்டேன்.

அதற்குப் பிறகு ஆயுசுக்கும் அவருக்கு மூச்சுப் பிடிப்பு வந்ததே இல்லை. ஆனாலும் வருஷத்துக்கு இரண்டு மூன்று தடவை காலையில் டிரங்குப் பெட்டியைத் திறந்து, வீட்டுப் பிரதியை எடுத்துத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு, பாயில் குப்புறப் படுத்துக்கொள்வார். "மூணு முறைன்னுதானே இருக்கு? அது அன்னைக்கே முடிஞ்சுபோச்சு, எந்திரிங்க" என்பேன். "மொத்தத்துக்கே மூணுன்னு எங்க போட்டிருக்கு? எழுதினவன் நான்தானே" என்பார். அப்புறம் மிதிக்காமல் என்ன செய்வது? பிடிப்பே இல்லாத முதுகுக்குப் பேசாத விதி எதற்கு? திட்டிக்கொண்டே மிதிப்பேன். சிரித்துக்கொண்டே எழுந்து, குனிந்து, தரையைத் தவிர மற்றதைத் தொடுவார்.

அவர் போய் ஆறு வருஷம் ஆகிறது. காகிதம் பெட்டியில் இருக்கிறது. முத்திரை மங்கிவிட்டது, எழுத்து மங்கவில்லை. அந்த உத்தரவை இதுவரை யாரும் ரத்துச் செய்யவில்லை. சில நாள் காலையில் காபி குடிக்காமல், வெறும் வயிற்றோடு அந்தப் பாய் பக்கத்தில் கொஞ்ச நேரம் நிற்கிறேன். கால் இருக்கிறது. முதுகுதான் இல்லை.